ஃபியானோவுக்கு ஏற்ற சொதி

மெல்பேர்ண் நகரின் பிரன்ஸ்விக்கில் ட்ராம் பாதையோரம் இருக்கும் ஓர் இத்தாலிய உணவகத்தில் நான் கோப்பை கழுவச் சேர்ந்தபோது என் மகளுக்கு ஆறு வயது. அவளை நான் கடைசியாகத் தூக்கியபோது இரண்டு வயது. இடையில் படகு, தடுப்பு முகாம், பிறகு டண்டினொங்கில் கோழி வெட்டும் தொழிற்சாலை. அங்கே குளிரில் கைவிரல்கள் மரத்துப்போய், வீட்டுக்கு வந்து தேநீர்க் குவளையைப் பிடித்தாலும் சூடு தெரியாது. அதனால் உணவகத்துக் குசினி அடுப்புகளின் வெக்கை எனக்குப் பெரிய சுகமாக இருந்தது.

தினமும் காலை பதினொரு மணிக்கு நோபல் பார்க்கில் ரயில் ஏறுவேன். அந்த நேரம் யாழ்ப்பாணத்தில் விடிந்து கொஞ்ச நேரம்தான். மனைவி அடுப்படியில் நிற்பாள். போனைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்துவிட்டு மகளின் பள்ளிக்கூடச் சாப்பாட்டைச் செய்தபடி கதைப்பாள். எனக்குத் தெரிவதெல்லாம் அவளுடைய முழங்கை, கூரையின் ஒரு மூலை, எழும்புகிற ஆவி. சட்டிக்குள் என்ன போகிறது என்று ஒருநாளும் தெரிந்ததில்லை. இப்படியே வருடக்கணக்காக ஒரு முழங்கையோடு குடும்பம் நடத்தினேன்.

உணவகத்தின் உரிமையாளர் என் வயதுப் பெண். அவர் பிறந்தது மெல்பேர்ணில். தாய் தகப்பன் தெற்கு இத்தாலியில் நேப்பிள்ஸிலிருந்து உள்நாட்டுப் பக்கம், அவெல்லினோ பக்கத்து மலைக் கிராமமொன்றிலிருந்து வந்தவர்கள். நான் அவரை மனதுக்குள் முதலாளி என்றுதான் சொல்வேன். அவர் பேசியது ஆங்கிலம். எனக்கு அப்போது அது அரைவாசிதான் விளங்கும். இங்கே அதை என் தமிழில் எழுதுகிறேன்.

புது வைன் போத்தல்கள் வந்தால், பின்னேரம் நான்கு மணிக்கு, கடை திறக்க முன்பு, பரிமாறுகிறவர்களை ஒரு மேசையில் இருத்தி ருசி பார்க்க வைப்பார். வாடிக்கையாளர் கேட்டால் பதில் சொல்லத் தெரிய வேண்டுமாம். நான் கழுவுகிற இடத்தில் நின்று பார்ப்பேன். சேர்ந்து ஒரு வருடம் இருக்கும். ஒருநாள் என்னையும் கூப்பிட்டார்.

“நான் குடிக்கிறேல்லை,” என்றேன்.

“குடிக்க வேண்டாம். மணந்து மட்டும் பாருங்கோ.”

கதிரையில் இருந்தேன். கிளாஸில் வைக்கோல் ஊறிய தண்ணீர் நிறத்தில் கொஞ்சம். மற்றவர்கள் ஒவ்வொருவராகச் சொன்னார்கள்: பேரிக்காய், தேன், ஏதோ பூ. என் முறை வந்தது. மூக்கைக் கிட்டக் கொண்டுபோனேன். முதலில் ஒன்றும் இல்லை. இரண்டாம் தரம், சந்தேகமேயில்லாமல், மணலில் வறுக்கிற கச்சான்.

கச்சான் என்றால் எங்கள் ஊரில் வேர்க்கடலை. கலியாணம் கட்டிய முதல் வருடத்துத் தேர்த் திருவிழா. நான் வாங்கிய கச்சான் சரையை, அந்தக் கடதாசிப் பொட்டலத்தை, அவள் என் சேட்டுப் பொக்கற்றுக்குள் போட்டுவிட்டு, நடக்க நடக்கக் கையை விட்டு ஒவ்வொன்றாக எடுத்தாள். சூடு நெஞ்சில் பட்டுக்கொண்டே இருந்தது. சனத்துக்குள் அவள் என்னைத் தொடுவதற்கு அது ஒரு சாட்டு என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

“பீநட்,” என்றேன். “ரோஸ்டட். இன் சாண்ட்.”

மேசை சிரித்தது. முதலாளி சிரிக்கவில்லை. கிளாஸை வாங்கித் தானும் மணந்தார்.

“ஹேசல்நட் எண்டுதான் எங்கட ஆக்கள் சொல்லுவினம்,” என்றார். “அம்மாவின்ர மலை முழுக்க அந்த மரம்தான். இந்தத் திராட்சையும் அங்கதான் காய்க்குது. நீங்கள் சொன்னது சரி.”

அந்த வைனின் பெயர் ஃபியானோ. நான் அன்று ஒரு மிடறு குடித்தேன். நாக்கின் இரண்டு பக்கமும் தேசிக்காய், எங்கள் ஊர்ச் சின்ன எலுமிச்சை, நக்கியதுபோலக் கூசியது. பிறகு அந்தப் புளிப்பின்மேல் மெழுகு தடவியது மாதிரி ஒரு வழவழப்பு. விழுங்கிய பிறகு கடைசியில் ஒரு சின்னக் கசப்பும், கடற்கரைக் காற்றில் உதட்டை நக்கினால் வருகிற உப்பும்.

குடித்துவிட்டுத்தான் நினைவு வந்தது, நான் மனைவிக்குக் கொடுத்திருந்த வாக்கு. அவளுடைய தகப்பன் குடித்தே செத்தவர். எங்கள் கலியாணப் பேச்சின்போது என்னிடம் அவள் கேட்டது ஒரே ஒரு கேள்வி: “குடிப்பியளோ?” இல்லை என்றேன். அது உண்மைதான். இனிமேலும் இல்லை என்றும் சொன்னேன்.

அந்த மிடறை நான் அவளுக்குச் சொல்லவில்லை. அடுத்த மிடறையும் சொல்லவில்லை. ஆனால் நான் வெறிக்கக் குடித்ததில்லை. எனக்கு வேண்டியிருந்தது அந்த மணம். முதலாளியிடம் கேட்கத் தொடங்கினேன், இதை எதோடு சாப்பிடுவார்கள் என்று. அவருக்கு அதைச் சொல்வதில் சலிப்பே கிடையாது. நெருப்பில் வாட்டிய கணவாய், மேலே தேசிக்காய். வெள்ளைப் பூண்டும் மட்டியும் போட்ட ஸ்பகெட்டி. எருமைப்பாலில் செய்த மொஸரெல்லா, வேறொன்றும் இல்லாமல், ஒலிவ் எண்ணெய் மட்டும். பொரித்த சின்ன மீன். தக்காளிச் சாறும் இறைச்சியும் கொதிக்கிற சட்டிக்குப் பக்கத்தில் இதைக் கொண்டுபோகக் கூடாது. உறைப்போடு கூடவே கூடாது.

“ஏன்?”

“செய்து பாருங்கோ.”

கிழமை முடிவில் மிஞ்சுகிற அரைப் போத்தல்களை வேலைக்காரருக்குக் கொடுத்துவிடுவார். திங்கட்கிழமை எனக்கு லீவு. நோபல் பார்க் வீட்டில் நாங்கள் நான்கு பேர், எல்லோரும் படகில் வந்தவர்கள். அன்று மத்தியானம் நண்டுக் குழம்பு, எங்கள் வழக்கப்படி வறுத்த மிளகாய்த் தூள் தாராளமாகப் போட்டு. ஃபியானோவை ஊற்றினேன். நண்டுக்குப் பிறகு ஒரு மிடறு குடித்தபோது வாய் பற்றி எரிந்தது. வைன் தண்ணீரும் கசப்புமாக உடைந்துபோனது. வீட்டுத் தோழன் ஒருவன் தன் கிளாஸை ஒரே இழுப்பில் முடித்துவிட்டுச் சொன்னான்:

“அண்ணை, இதைவிடப் புளிச்சல் தண்ணி குடிக்கலாம்.”

அடுத்த திங்கள் வெறும் பொரித்த மீன். பரவாயில்லை. அதற்கடுத்த திங்களுக்கு முன்புதான் மனைவியோடு அந்தச் சண்டை வந்தது.

சண்டைக்குக் காரணம் நானேதான். ரயிலில் இருந்து கதைத்துக்கொண்டிருந்தேன். வாக்கை மீறியதை இனியும் ஒளித்து வைக்க எனக்கு விருப்பமில்லை. சாதாரணமாகச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன்.

“இஞ்ச ஒரு வைன் இருக்கு. மணந்து பாத்தா அப்பிடியே திருவிழாக் கச்சான்.”

முழங்கை நின்றது. முதல்முறையாக அவள் குனிந்து போனுக்குள் என் முகத்தைப் பார்த்தாள்.

“குடிக்கத் தொடங்கிட்டியளோ?”

“இல்லையப்பா. ருசி மட்டும்.”

“அப்பாவும் முதல்ல ருசிதான் பாத்தவர்.”

போன் அணைந்தது. பதினொரு நாள் அவள் எடுக்கவில்லை. மகளின் பெயருக்கு அனுப்பிய குரல் செய்திகளுக்கும் பதில் இல்லை. ரயிலில் போனைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்ப்பேன். இந்த நாட்டைவிட்டு வெளியே போனால் திரும்பி உள்ளே வர முடியாத விசா என்னுடையது. அவளுடைய கோபத்துக்கு முன்னால் போய் நிற்க எனக்கு வழியில்லை. பக்கத்து வீட்டுக்காரன் என்றால் வேலிக்கு அங்கால் நின்றாவது கூப்பிடலாம்.

அந்தப் பதினொரு நாளுக்குள் வந்த திங்களில்தான் நான் சொதி வைத்தேன். வைனுக்காக இல்லை. அவள் வைக்கிற சொதியின் மணம் அந்த வீட்டில் வர வேண்டும் போலிருந்தது. தேங்காய்ப்பால், சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், வெந்தயம், கறிவேப்பிலை, கொஞ்சம் மஞ்சள். சந்தையில் வாங்கிய ஃப்ளாட்ஹெட் மீன் துண்டுகள். இறக்கியபின் தேசிக்காய்ப் புளி. அவளிடம் கேட்டிருந்தால் அளவு சொல்லியிருப்பாள். கேட்க முடியாததால் ஞாபகத்தில் இருந்த அளவில் வைத்தேன். இடியப்பத்தை அதற்குள் ஊறவிட்டுச் சாப்பிட்டு, மிச்சமிருந்த ஃபியானோவைக் குடித்தேன்.

அப்போதுதான் இரண்டும் பொருந்தின. பாலின் கொழுப்பை வைனின் புளிப்பு மெல்ல வழித்தெடுத்தது. தேசிக்காயும் திராட்சையும் சொந்தக்காரர் மாதிரி ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொண்டன. ஒரு குறைதான்: வெந்தயத்தின் கசப்பு, வைனின் கடைசிக் கசப்போடு சேர்ந்து கூடிப்போனது.

பன்னிரண்டாம் நாள் அவள் போனை எடுத்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன், ஒன்றையும் ஒளிக்காமல். முதலாளி எனக்குக் காட்டித் தந்திருந்த ஒரு வழக்கத்தையும் சொன்னேன்: வைனைத் தொழிலாகச் செய்கிறவர்கள் வாயில் வைத்துச் சுழற்றிவிட்டு ஒரு வாளிக்குள் துப்பிவிடுவார்கள்.

“இனி நானும் துப்பிப்போடுவன்.”

“அவ்வளவு விலை குடுத்து வாங்கித் துப்புறதோ?”

“ஓம். எல்லாரும் சுத்தி நிண்டு துப்புவினம்.”

அவள் சிரித்தாள். சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல், போன் சரிந்து விழுந்து, கூரை மட்டும் தெரிந்தது. கூரைக்கு அப்பால் அவள் சிரிப்பதைக் கேட்டுக்கொண்டு நான் இறங்க வேண்டிய ஸ்டேஷனைத் தவறவிட்டேன். அதற்குப் பிறகு நான் துப்பித்தான் ருசி பார்த்தேன். இன்றைக்கும் அப்படித்தான்.

சொதியை முதலாளிக்கு வைத்துக் கொடுத்தேன். அவர் நின்றபடியே ஒரு கிண்ணம் முடித்தார். ஃபியானோவை ஊற்றி இன்னொரு கிண்ணம். பிறகு தலைமைச் சமையல்காரரைக் கூப்பிட்டு அவர் வாயிலும் ஒரு கரண்டி. ஒரு மாதத்துக்குள் அது உணவுப் பட்டியலில் ஏறியது: தேங்காய்ப்பாலில் மீன், தேசிக்காய், கறிவேப்பிலை. ஓர் இத்தாலியக் கடையில் இது என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை. சாப்பிட்டார்கள், ஃபியானோ கேட்டார்கள். நான் கழுவுகிற இடத்திலிருந்து அடுப்புக்கு வந்தேன்.

வைனுக்கு இன்னும் நெருக்கமாக வரவேண்டுமென்று சொதியை ஒவ்வொன்றாக மாற்றினேன். முதலில் வெந்தயத்தை விட்டேன். பிறகு பச்சை மிளகாயைக் கீறாமல் முழுதாகப் போட்டு, இறக்க முன் எடுத்தேன். மஞ்சளை ஒரு சிட்டிகையாக்கினேன். முதலாளி வீட்டு மரத்துப் பெரிய மஞ்சள் எலுமிச்சையின் தோலைத் துருவிச் சேர்த்தேன். ஒவ்வொரு மாற்றமும் சின்னது. வருடங்கள் போகப் போக, அந்தச் சட்டியின் மூடியைத் திறக்கும்போதெல்லாம் என் மனதில் வந்தது மனைவியின் அடுப்படிதான்.

ஒரு குளிர்காலப் பின்னேரம், கடைக்கு ஆள் வரமுன், முதலாளி தன் தாய் தகப்பன் கதையைச் சொன்னார். தகப்பன் தனியாகத்தான் முதலில் வந்தாராம். ஆறு வருடம் கழித்துத் தாய் கப்பலில் வந்து போர்ட் மெல்பேர்ண் துறையில் இறங்கியபோது, கையில் பூவோடு நின்ற கணவரை அடையாளம் தெரியாமல் தாண்டி நடந்து போய்விட்டாராம். தலைமயிர் கொட்டிப்போன அந்த மனிதர் பின்னால் ஓடிப்போய்க் கூப்பிட வேண்டியிருந்ததாம்.

“முதல் வருசம் முழுக்க ஆரோ ஒரு ஆளுக்குச் சமைச்சுப் போட்டன் எண்டு அம்மா சொல்லுவா.”

“பிறகு?”

“பிறகு அஞ்சு பிள்ளையள்,” என்று சிரித்தார். எனக்குச் சிரிக்க வரவில்லை. அப்போது நான் என் குடும்பத்தைப் பிரிந்து ஒன்பதாவது வருடம்.

கடைசியில் படகில் வந்த எங்களில் ஒரு பகுதியினருக்கு நிரந்தர விசா கொடுத்தார்கள். எங்கள் வீட்டில் நான்கு பேரில் மூவருக்குக் கிடைத்தது. வைனைப் புளிச்சல் தண்ணி என்றவனுக்கு இன்னும் இல்லை. கடிதம் வந்த அன்று மற்ற இருவரும் நானும் அவன் முன்னால் சத்தமாகச் சந்தோஷப்படாமல், ஒருவர் பின் ஒருவராகக் குளியலறைக்குப் போய் அழுதோம். பிறகு மனைவிக்கும் மகளுக்கும் விண்ணப்பம், காத்திருப்பு, இன்னும் ஒரு பத்திரம், இன்னும் காத்திருப்பு.

அவர்கள் வந்து இறங்கியபோது மகளுக்குப் பதினைந்து வயது. விமான நிலையத்தில் என்னைத் தாண்டிப் போகவில்லை; இருவரும் நேராக என்னிடம் வந்தார்கள். ஆனால் மகள் மூன்றடி தள்ளி நின்று “அப்பா, சுகமா இருக்கிறியளோ?” என்று கேட்டாள், போனில் கேட்பதுபோலவே. மனைவியின் காதோரம் நரைத்திருந்தது. போனில் அது தெரிந்ததில்லை. அவளுடைய கையைப் பிடித்தேன். அந்தக் கை மரியாதையாக என் கைக்குள் இருந்தது.

இரண்டு கிழமை கழித்து ஒரு திங்கட்கிழமை மத்தியானம், மூடிய உணவகத்தை முதலாளி எங்களுக்காகத் திறந்தார். வெள்ளை விரிப்புப் போட்ட மேசை. வாட்டிய கணவாய், மொஸரெல்லா, பிறகு என் சொதி. எனக்கு ஃபியானோ, பக்கத்தில் துப்ப ஒரு குவளை. அந்தக் குவளையைக் கண்டு மனைவி சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்தாள். சாப்பிட முன்பு நான் முதலாளிக்கு ஆங்கிலத்திலும் மனைவி கேட்கத் தமிழிலும் சொன்னேன், இது என் மனைவியின் சொதி, இவள் கையால் பழகியதுதான் என்று.

மனைவி ஒரு கரண்டி எடுத்தாள். இன்னொரு கரண்டி. என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“நல்லா இருக்கு. ஆனா இது என்ர சொதி இல்லை.”

“உம்மட சொதிதான்.”

“வெந்தயம் எங்க? நான் வெந்தயம் இல்லாமல் ஒருநாளும் வைக்கேல்லை. இது தேசிக்காயும் இல்லை, வேற ஏதோ வாசம்.” கரண்டியை மெதுவாக வைத்தாள். “ஆர் பழக்கினது?”

அவள் கேட்டதில் சந்தேகம் இல்லை. ஒரு சின்னப் பயம் இருந்தது. முதலாளிக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் எழுந்து உள்ளே போய்விட்டார். நான் வைனைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன், வெந்தயத்தை ஏன் விட்டேன், எப்போது விட்டேன் என்று. சொல்லச் சொல்ல எனக்கே கேட்டது: ஒரு போத்தலுக்காக அவளிடமிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றியிருக்கிறேன். கழற்றிக்கொண்டே, அவளைத்தான் சமைக்கிறேன் என்று நம்பியிருக்கிறேன்.

மகள் மட்டும் இரண்டாம் தரம் போட்டுக்கொண்டாள்.

“இது இதுவா நல்லா இருக்கு, அம்மா,” என்றாள்.

அடுத்த ஞாயிறு காலை, புதிதாக எடுத்த வாடகை வீட்டில், மனைவி தன் சொதியை வைத்தாள். டண்டினொங் சந்தையில் மீன்காரரோடு கையாலேயே கதைத்து அவள் தெரிவுசெய்த மீன். நான் பக்கத்தில் நின்று, பதின்மூன்று வருடத்துக்குப் பிறகு, சட்டிக்குள் என்ன போகிறது என்று பார்த்தேன். வெந்தயம் ஒரு தேக்கரண்டி நிறைய. நான் ஞாபகத்தில் வைத்திருந்ததைவிட இரண்டு மடங்கு.

சாப்பிட்டேன். கசந்தது. என் நாக்கு எங்கேயோ போய்விட்டிருந்தது. அவள் முகத்தைப் பார்த்து, இதுதான், இதுதான் என்றேன். அவள் நம்பினாளோ தெரியாது. அவளுக்கும் அந்த நாட்களில் வேறு யோசனை. காலையில் ஊரில் இருக்கிற தங்கைக்கு அழைத்து, வீட்டுக் கிணற்றடியைக் காட்டச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருப்பாள். அங்கே விட்டுவந்த பூனை சாப்பிடுகிறதா என்று கேட்பாள். போனை வைத்த பிறகு கொஞ்ச நேரம் ஜன்னலோடு நிற்பாள். அவள் எங்கே நிற்கிறாள் என்று எனக்குத் தெரியும். அந்த இடத்தில் நான் பதின்மூன்று வருடம் நின்றிருக்கிறேன். ஆனால் அங்கிருந்து ஒருவரை எப்படிக் கூட்டிக்கொண்டு வருவது என்று எனக்குத் தெரியாது. இப்போதும் என் பக்கத்தில் அவள் இருக்க, அவளுக்காக ஏங்குகிறேன்.

போன மாதம் ஒருநாள், திங்கட்கிழமைதான், பின்னேரம். மகள் பள்ளிக்கூடத்தால் இன்னும் வரவில்லை. மனைவி கதிரையை இழுத்து என் எதிரில் இருந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். திடீரென்று கேட்டாள்:

“அந்த வைன் எப்பிடி இருக்கும்?”

“கொஞ்சம் பாக்கப் போறீரோ?”

“குடிக்கமாட்டன். சொல்லுங்கோ, கேப்பம்.”

சொன்னேன். புளிப்பைச் சொன்னேன், மெழுகைச் சொன்னேன், உப்பைச் சொன்னேன். அவள் கீரைத் தண்டை முறித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

“அதோட எங்கட சாப்பாட்டில வேற என்ன சரிவரும்?”

“கணவாய்ப் பிரட்டல், உறைப்புக் குறைச்சால். புட்டும் வெள்ளைக் கறியும். கருவாடு சரிவராது.”

“இறால் வடை?”

அதை நான் யோசித்ததே இல்லை. அப்படிச் சொன்னேன்.

“செய்து தாறன்,” என்றாள். “நீங்கள் துப்பித் துப்பிப் பாத்துச் சொல்லுங்கோ.” பிறகு கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல், “முதல் நாள் உங்களை ஆர் கூப்பிட்டது, எந்த மேசையில இருந்தனீங்கள், அதிலயிருந்து சொல்லுங்கோ,” என்றாள்.